கறுப்பின வேட்பாளர்களுக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி: பிரேசில் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரேசில் கூட்டாட்சிக் குடியரசின் அரசியல் கட்சிகளுடைய தேசியத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

2024 ஆகஸ்ட்டில் உங்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 133ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் குறித்தும், கறுப்பின வேட்பாளர்களுக்குக் கொடுக்காமல் விட்ட பிரசாரப் பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறு அது உங்கள் மீது சுமத்தியிருக்கும் கடமையைக் குறித்தும் இந்த மடலை எழுதுகிறேன். அந்தக் கடமையின் முழு அளவை உணர வேண்டுமானால், உங்கள் அரசியலில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து வரும் பெனெடிட்டா ட சில்வாவின் பொதுவாழ்வை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்று நீங்கள் தவணை முறையில் தீர்க்க ஒப்புக்கொண்டிருக்கும் பாக்கி, 2020இல் அவர் எழுப்பிய ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

தமிழ்நாட்டிலிருந்து எழுதும் எனக்கு உங்கள் கட்சிகளிடம் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். 2012 ஏப்ரலில் பிரசிலியா பல்கலைக்கழகத்தின் இன ஒதுக்கீடு செல்லும் என்று உங்கள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்கில் முதன்மை உரை எழுதிய நீதிபதி ரிக்கார்டோ லெவாண்டோவ்ஸ்கி, இத்தகைய சிறப்பு ஏற்பாடுகள் அமெரிக்காவில் தோன்றியவை அல்ல, இந்தியாவில் தோன்றியவை என்று குறிப்பிட்டார். எங்கள் அனுபவத்தை உங்கள் நீதிமன்றமே சான்றாக எடுத்துக்கொண்ட பிறகு, அந்த அனுபவத்திலிருந்து ஒரு சொல் சொல்வது வரம்பு மீறல் ஆகாது என்று நம்புகிறேன்.

பெனெடிட்டா 1942இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்து, கோப்பகபானா கடற்கரையை ஒட்டிய லெமெ பகுதியில், ஷபேவ் மங்கேய்ரா என்ற குன்றுக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாயார் சலவைத் தொழிலாளி. பெனெடிட்டா சிறுமியாக இருந்தபோது தெருவில் பொருள் விற்றார். பிறகு வீட்டு வேலை செய்தார். மருத்துவமனையில் செவிலியர் உதவியாளராகப் பணிபுரிந்தார். 40 வயதை எட்டும் காலத்தில்தான் சமூகப் பணியில் பட்டம் பெற்றார். இவற்றுக்கு நடுவே குன்றில் குடியிருந்தவர்களுக்கு எழுத்தறிவும் கற்பித்தார். அதன் அரசியல் பொருள் பெரியது. 1985ஆம் ஆண்டு வரை பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. 1888 மே 13 அன்று, அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலேயே கடைசியாக, அடிமைமுறையை ஒழித்த நாடு, விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் தரவில்லை, பள்ளிக்கூடமும் தரவில்லை. பள்ளிக்குப் போகாததையே காரணம் காட்டி அவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. 1982 நவம்பரில் பெனெடிட்டா தொழிலாளர் கட்சியின் சார்பில் ரியோ நகராட்சி மன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றபோது, எழுத்தறியாத அண்டை வீட்டார் எவரும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது.

1986இல் கூட்டாட்சிப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி, 1987-88இன் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 559 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையில் பெண்கள் 26 பேர். கறுப்பினத்தவர் என்று தங்களை அறிவித்துக்கொண்டு அந்த நிலையிலிருந்து பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே: பெனெடிட்டா, கார்லோஸ் ஆல்பெர்ட்டோ காவோ, பாவ்லோ பாயிம், எட்மில்சன் வலென்டிம். அந்தச் சிலர் இருந்ததால்தான், இனவெறிச் செயல் பிணையில் வர முடியாத, காலவரையறையால் காலாவதியாகாத குற்றம் என்று 5ஆவது பிரிவில் எழுதப்பட்டது. தப்பியோடிய அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் கிலோம்போ ஊர்களின் நில உரிமையும் அதே அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.

ஆனால் அதே சபை, வீட்டு வேலை செய்வோரின் உரிமைகளை எண்ணி எண்ணித்தான் வழங்கியது. குறைந்தபட்ச ஊதியம், வார ஓய்வு, ஆண்டு விடுமுறை, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் ஆகியவை கிடைத்தன. மற்றத் தொழிலாளர்களுக்கு உரியதாக எழுதப்பட்ட எட்டு மணி நேர வரம்பும் கூடுதல் நேரத்துக்கான ஊதியமும் இவர்களுக்கு இல்லை. வீட்டு வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதை அந்த அவையில் அறியாதவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். விடுபட்ட உரிமைகளைச் சேர்த்த 72ஆவது திருத்தம் வர 2013 ஏப்ரல் வரை, அதாவது 25 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அத்திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையின் சிறப்புக் குழுவில் ஆய்ந்து அறிக்கை அளிக்கும் பொறுப்பு பெனெடிட்டாவுக்கு வந்தது. இளம் வயதில் பிறர் வீட்டில் வேலை செய்த பெண், தான் செய்த வேலைக்குச் சட்டப் பாதுகாப்பைத் தன் கையால் எழுதி அவையில் வைத்தார். அதிலும் சில உரிமைகள் நடைமுறைக்கு வர 2015 ஜூனில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

1992ஆம் ஆண்டின் ரியோ மேயர் தேர்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் சுற்றில் பெனெடிட்டாவே முதலிடத்தில் வந்தார். இரண்டாம் சுற்றுக்கு முன்னால், அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நகரின் தென்பகுதிக் கடற்கரையில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டு ஓடிய காட்சிகள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. ஓடிய சிறுவர்களில் பெரும்பாலோர் புறநகரிலிருந்தும் குன்றுகளிலிருந்தும் வந்த கறுப்பினச் சிறுவர்கள். குன்றிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண் மேயரானால் நகரம் என்னவாகும் என்ற அச்சம் அந்தக் காட்சிகளின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. மணலில் ஓடிய சிறுவர்களுக்கும் அவருடைய ஆட்சித் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிறம் ஒன்றே தொடர்பாகக் காட்டப்பட்டது. இரண்டாம் சுற்றில் அவர் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கறுப்பின வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்கப் புறப்படும் முன்பே மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சுமையைத் தூக்கியாக வேண்டும் என்பதை அந்த வாரங்கள் காட்டிவிட்டன. பிரசாரப் பணத்தைச் சமமாகப் பிரித்தால் போதாதா என்று உங்கள் கட்சி அலுவலகங்களில் கேட்பவர்களுக்கு இந்தத் தேர்தலை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1994இல், அவர் செனட்டுக்கு வென்றார். அக்ரே மாநிலத்தின் லாயெலியா டி அல்காந்தரா 1981இல் மாற்று உறுப்பினராகச் செனட்டில் அமர்ந்திருக்கிறார். தேர்தலில் வென்று அங்கே போன முதல் கறுப்பினப் பெண் பெனெடிட்டாதான். 1998இல் ரியோ மாநிலத் துணை ஆளுநராகத் தேர்வானார். அந்த ஆட்சிக் காலத்தில்தான் ரியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு 40 விழுக்காடு இடம் ஒதுக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2002 ஏப்ரல் முதல் அந்த ஆண்டு முடியும் வரை அவரே ஆளுநராக இருந்தார். 2003இல் அதிபர் லூலாவின் முதல் அமைச்சரவையில் சமூக நலத் துறை அமைச்சரானார். ஒரு சமய நிகழ்ச்சிக்காக அரசுச் செலவில் அர்ஜென்டினா சென்றதாக எழுந்த சர்ச்சைக்குப் பின், 2004 ஜனவரியில் நடந்த அமைச்சரவை மாற்றத்தில் பதவியை இழந்தார். அவர்மீது கேட்கப்பட்ட அந்தக் கேள்வி நியாயமானது; பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். பொதுப் பணத்தில் இயங்கும் கட்சிகளும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போது அவருடைய 2020ஆம் ஆண்டுக் கேள்விக்கு வருகிறேன். 2011 முதல் மீண்டும் பிரதிநிதிகள் சபையில் இருந்த அவர், கறுப்பின இயக்கத்தினரின் துணையோடு, உச்ச தேர்தல் நீதிமன்றத்தின் முன் சில கேள்விகளை வைத்தார். பெண் வேட்பாளர்களுக்குரிய பணமும் ஒளிபரப்பு நேரமும் கறுப்பினப் பெண்களுக்கும் வெள்ளையினப் பெண்களுக்கும் விகிதப்படி பிரிய வேண்டாமா? மொத்தக் கறுப்பின வேட்பாளர்களுக்கும் அந்த விகிதம் பொருந்த வேண்டாமா? வேட்பாளர் பட்டியலிலேயே 30 விழுக்காடு இடத்தை ஒதுக்கக் கூடாதா? 2020 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் பணத்திலும் ஒளிபரப்பு நேரத்திலும் விகிதத்தை ஏற்றுக்கொண்டது. பட்டியலில் இட ஒதுக்கீடு செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று அதை மட்டும் மறுத்தது. 2022இல் தொடங்க வேண்டிய இந்த விதியை 2020ஆம் ஆண்டின் நகராட்சித் தேர்தலிலேயே நடைமுறைப்படுத்துமாறு, செப்டம்பரில் நீதிபதி லெவாண்டோவ்ஸ்கி ஆணையிட்டார்.

பணத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று எங்கள் ஊர் வாசகர் ஒருவருக்குத் தோன்றலாம். எங்கள் அரசியல் சட்டத்தின் 330ஆவது பிரிவு மக்களவையில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தொகுதிகளையே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட தொகுதியில் எந்தக் கட்சி வென்றாலும் அந்தச் சமூகத்தவர் ஒருவரே அவைக்குப் போவார். உங்களிடம் தனித் தொகுதிகள் இல்லை. பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஒரு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி; சாவோ பாவ்லோவில் 70 இடங்களுக்கும் மாநிலம் முழுவதிலும் வாக்குக் கேட்க வேண்டும். வாக்காளர் மின்னணு இயந்திரத்தில் வேட்பாளரின் நான்கு இலக்க எண்ணைத் தட்டி, திரையில் முகம் தெரிந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். நூற்றுக்கணக்கானோர் போட்டியிடும் பட்டியலில் அந்த நான்கு இலக்கங்களை ஒருவர் மனத்தில் பதிய வைக்க, படமும் எண்ணும் அச்சிட்ட உள்ளங்கையளவு சீட்டை ஊர் ஊராக, கை கையாகக் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு அச்சகத்துக்குக் காசு வேண்டும், வண்டிக்கு எரிபொருள் வேண்டும், சீட்டுக் கொடுப்பவருக்குக் கூலி வேண்டும். 2015இல் நிறுவனங்களின் நன்கொடையை உச்ச நீதிமன்றம் தடை செய்து, 2017இல் பொதுப் பிரசார நிதி உருவான பிறகு, இந்தச் செலவுக்கான பெரும்பணம் மக்களின் வரியிலிருந்தே வருகிறது. 2022இல் அது உங்கள் நாணயமான ரெயாலில் ஏறத்தாழ 496 கோடி. அந்தப் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பவர்கள், இந்த மடலைப் பெறுபவர்களாகிய நீங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு வேட்பாளரின் எண் தெருவுக்கு வராது.

2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிரேசில் மக்களில் 45.3 விழுக்காட்டினர் பழுப்பு நிறத்தவர், 10.2 விழுக்காட்டினர் கறுப்பு நிறத்தவர். உங்கள் சட்டம் இவ்விரு பிரிவினரையும் சேர்த்தே கறுப்பினத்தவர் என்று கொள்கிறது. அதே ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் அவர்களே. ஆனால் 513 இடங்கள் கொண்ட பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானவர்களில் அவர்களுடைய பங்கு கால்வாசிக்குச் சற்று மேல். போட்டியிட ஆளில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. பட்டியலில் பெயர் இருக்கிறது. பெயரின் பின்னால் பணம் போகவில்லை.

இந்த நிலையில்தான் 133ஆவது திருத்தம் வந்தது. அதன் வாசகத்தை நான் ஒன்றுக்கு இருமுறை படித்தேன். முந்தைய தேர்தல்களில் கறுப்பின வேட்பாளர்களுக்கு எவ்வளவு சிறு தொகையைக் கொடுத்திருந்தாலும் விதியை நிறைவேற்றியதாகவே கருதப்படும். கொடுக்காமல் விட்ட தொகையை 2026இல் தொடங்கி நான்கு தேர்தல்களில் செலவிட்டால் போதும். கட்சிகளின் மற்றக் கடன்களை 180 மாதங்கள் வரை தவணையில் கட்டவும் அது வழி செய்கிறது. வேட்பாளர் எண்ணிக்கையின் விகிதப்படி பணம் என்று 2020இல் கிடைத்த தீர்ப்பின் இடத்தில், 30 விழுக்காடு என்ற நிலையான எண் வந்திருக்கிறது. வேட்பாளர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருக்கும் நாட்டில் இதைக் குறைப்பு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? அந்த 30 விழுக்காட்டையும் கட்சிகளின் நலனுக்கும் உத்திக்கும் மிகவும் பொருந்தும் தொகுதிகளில் செலவிடலாம் என்று அத்திருத்தம் அனுமதிக்கிறது. இடதுசாரிக் கட்சியான ‘சோசலிசமும் விடுதலையும்’ கட்சியும், தடையற்ற சந்தையை ஆதரிக்கும் நோவோ கட்சியும் எதிர்த்தன. நேரெதிர்க் கொள்கையுடைய அவ்விரு கட்சிகளும் ஒரே பக்கம் நின்ற அரிய வாக்கெடுப்பு அது. மற்றபடி ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்ற வேறுபாடு அன்று பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கு முன்பும் 2022இல் 117ஆவது திருத்தத்தின் வழியாக, பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் உரிய பங்கைக் கொடுக்காத கட்சிகளைத் தண்டனையிலிருந்து விடுவித்தீர்கள். ஒரு பயணச் செலவுக்காகப் பெனெடிட்டா பதில் சொல்லிப் பதவியையும் இழந்தார். அவர் போராடிப் பெற்ற விதியை மீறிய அமைப்புகளோ, தங்கள் மீறலைத் தாங்களே மன்னித்துக்கொண்டிருக்கின்றன, அதுவும் அரசியல் சட்டத்தையே திருத்தி. இதை எழுதும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குள்ளேயே நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன, அவற்றையே கேட்கிறேன்.

30 விழுக்காடு என்பதை இதற்கு மேல் கிடையாது என்ற எல்லையாகக் கொள்ளாதீர்கள். அதற்குக் குறையக் கூடாது என்பதுதான் அதன் பொருள். உங்கள் பட்டியலில் பாதிப் பேர் கறுப்பினத்தவர் என்றால் பாதிப் பணத்தைக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பாக்கித் தொகை இந்த 30 விழுக்காட்டுக்கு மேல், தனியாகத் தரப்பட வேண்டியது. நடப்புத் தேர்தலின் பங்கைக் கொடுத்துவிட்டு அதையே பழைய பாக்கிக்கான தவணை என்று கணக்கெழுதினால், ஒரே பணத்தில் இரண்டு கடனைத் தீர்த்ததாக ஆகிவிடும்.

பணம் போகும் நாளும் பணத்தின் அளவைப் போலவே முக்கியம். பிரசாரம் ஆகஸ்ட் 16 அன்று தொடங்குகிறது. வாக்கெடுப்பு அக்டோபர் முதல் ஞாயிறு. இடையில் ஏழு வாரங்களே. முதல் வாரத்தில் வரும் பணம் சீட்டாகவும் பயணமாகவும் கூட்டமாகவும் மாறும். செப்டம்பர் பிற்பகுதியில் வரும் பணம் கணக்குப் புத்தகத்தில் விழுக்காட்டை நிரப்புவதற்கு மட்டுமே உதவும். ஆகவே கறுப்பின வேட்பாளர்களின் பங்கை, அவர்களிலும் கறுப்பினப் பெண்களின் பங்கை, பிரசாரத்தின் முதல் பத்து நாள்களுக்குள் கொடுத்து முடிப்போம் என்று உங்கள் தேசியக் குழுக்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஏற்கெனவே அவையில் இருப்பவர்களுக்கும் குடும்பச் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் மட்டும் அந்தப் பங்கைக் குவிக்காதீர்கள். முதன்முறை போட்டியிடும் ஒருவருக்குச் சேரும் சிறு தொகை, 1982இல் ஒரு குன்றுக் குடியிருப்பிலிருந்து நகராட்சி மன்றம் சென்றதைப் போன்ற இன்னொரு பயணத்துக்குப் போதுமானதாக இருக்கலாம்.

நிற அறிவிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014 முதல் வேட்பாளர்கள் தங்கள் நிறத்தைத் தேர்தல் நீதிமன்றத்தில் பதிவு செய்கிறார்கள். ஒரு தேர்தலில் வெள்ளையர் என்று எழுதியவர்கள் அடுத்த தேர்தலில் பழுப்பு நிறத்தவர் என்று எழுதுவதை நீங்கள் அறிவீர்கள். அவர்களில் சிலர் தங்கள் வேர்களை உண்மையாகவே ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது. வேறு சிலர் பணம் வரும் திசை பார்த்து எழுதியவர்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் அரசுப் பணித் தேர்விலும் இத்தகைய அறிவிப்புகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் இயங்குகின்றன. கட்சிக்குள் அப்படி ஒரு குழுவை அமைத்து, நிதி வழங்கும் முன் பரிசீலிக்க, வெளியிலிருந்து எவருடைய ஆணையும் உங்களுக்குத் தேவையில்லை.

2021இன் 111ஆவது திருத்தத்தின்படி, 2022 முதல் 2030 வரை, பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர்களும் கறுப்பின வேட்பாளர்களும் பெறும் வாக்குகள், கட்சிகளுக்கு நிதி பகிரும்போது இரட்டிப்பாக எண்ணப்படுகின்றன. ஆகவே ஒரு கறுப்பினப் பெண் மாநிலமெங்கும் அலைந்து திரட்டும் வாக்குகள், அவர் தோற்றாலும், உங்கள் கட்சிக் கருவூலத்துக்கு வருவாயைக் கூட்டுகின்றன. அந்த வருவாயை வாங்கிக்கொண்டு, அவருடைய பிரசாரத்துக்குரிய பங்கை அடுத்த அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போடுவதை எந்தக் கணக்காளரும் நியாயப்படுத்த முடியாது.

கடைசியாக, இன்றே செய்யக்கூடிய ஒன்று. 2020, 2022 தேர்தல்களில் கறுப்பின வேட்பாளர்களுக்கு விதிப்படி எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும், எவ்வளவு கொடுத்தீர்கள், மீதி எவ்வளவு, அந்த மீதியை நான்கு தேர்தல்களில் எந்தெந்த அளவில் செலுத்தப் போகிறீர்கள் என்ற நான்கு எண்களை, மாநில வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்சியும் தன் இணையதளத்தின் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். வேட்பாளர்கள் மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே அந்த எண்கள் அவர்கள் கைக்குக் கிடைத்தால்தான், தங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை அவர்கள் உங்களிடமே கேட்க முடியும்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து, பிரேசில் அரசியலைத் தொடர்ந்து படித்துவரும் ஒருவர்